‘மனதுருகி’: ஒரு கிரேக்கச் சொல்லைப் படிப்படியாகப் படிப்பது எப்படி?

நாயீன் ஊர் வாசலில் ஒரு பாடை வருகிறது. கிடப்பவன் ஒரு விதவைக்கு ஒரே மகன். எதிரே இயேசு வருகிறார். “கர்த்தர் அவளைப் பார்த்து, அவள்மேல் மனதுருகி: அழாதே என்று” சொல்கிறார் என்று லூக்கா 7:13 எழுதுகிறது. அடுத்த வரியில் கிட்டவந்து பாடையைத் தொடுகிறார்.

அந்த ‘மனதுருகி’ என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் இருக்கும் கிரேக்க வினைதான் நாம் படிக்கப்போவது. மூலச்சொல்லை ‘ஸ்ப்ளாங்க்னிஸோமாய்’ என்று ஏறக்குறைய எழுதலாம். கிரேக்க மொழி தெரியாதவர்களும் இந்த ஆய்வைச் செய்யலாம். ஒரு நல்ல பைபிள் செயலி, ஒரு நோட்டு, இரண்டு மூன்று மாலை நேரப் பொறுமை இருந்தால் போதும். வழியைக் கற்றுக்கொண்டால் வேறு எந்தச் சொல்லுக்கும் இதே வழியில் போகலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். “கிரேக்க மூலத்தில் இதன் அர்த்தம் இதுதான்” என்று ஒரே மூச்சில் முடித்துவிடும் விளக்கங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த வழிகாட்டியை எழுதத் தோன்றியது. ஒரு சொல்லின் அர்த்தம் அதன் வேரில் மட்டும் ஒளிந்திருப்பதில்லை. அது எந்த வாக்கியத்தில் நிற்கிறது, அதற்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்பதில்தான் அர்த்தம் இருக்கிறது.

1. மூலச்சொல்லைப் பிடியுங்கள்

வேத வசனத்துக்குக் கீழே கிரேக்கச் சொற்களை வரிசையாகக் காட்டும் வரியிடைப் பதிப்புகள் பல செயலிகளில் இலவசமாகவே இருக்கின்றன. லூக்கா 7:13-ஐத் திறந்தால் ‘எஸ்ப்ளாங்க்னிஸ்தே’ என்ற வடிவம் கண்ணில் படும். அது இறந்தகால வடிவம். அதைத் தொட்டால் அகராதி வடிவமும், ஸ்ட்ராங் எண் 4697-உம் வரும். ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890-இல் வெளியிட்ட ஒத்தவாக்கிய அகராதி ஒவ்வொரு மூலச்சொல்லுக்கும் ஓர் எண் கொடுத்தது. அந்த எண்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. பக்கத்து எண்ணான 4698 இதே குடும்பத்துப் பெயர்ச்சொல், ‘ஸ்ப்ளாங்க்னா’. இரண்டு எண்களையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ராங் எண்ணோடு வரும் சிறு விளக்கத்தை மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். மொழிபெயர்ப்பாளர்கள் அந்தச் சொல்லுக்கு என்னென்ன சொற்களைப் போட்டார்கள் என்ற பட்டியல்தான் பெரும்பாலும் அங்கே இருக்கும். அர்த்தத்தை இனிமேல்தான் நாம் தேட வேண்டும்.

2. தமிழ்ச் சொல்லை வைத்துத் தேடாதீர்கள்

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ‘மனதுருகி’ என்று தமிழ்ப் பைபிளில் தேடினால் எல்லா இடங்களும் வந்துவிடும் என்று நினைக்கிறோம். வராது. பெரும்பாலான சபைகளில் வாசிக்கப்படும் பழைய திருப்புதலில் இந்த ஒரே வினை மூன்று வேடங்களில் வருகிறது. மத்தேயு 9:36-இல் ‘மனதுருகி’. மத்தேயு 18:27-இல் ‘மனதிரங்கி’. நாலாயிரம் பேருக்கு உணவளிக்கும் இடத்தில் (மத்தேயு 15:32, மாற்கு 8:2) ‘பரிதபிக்கிறேன்’.

தலைகீழாகவும் சிக்கல் உண்டு. எபிரெயர் 4:15-இல் “நம்முடைய பலவீனங்களைக்குறித்துப் பரிதபிக்கக்கூடாத பிரதான ஆசாரியர்” என்று படிக்கிறோம். அங்கே இருப்பது முற்றிலும் வேறொரு கிரேக்கச் சொல். கூடவே சேர்ந்து வேதனைப்படுவதைச் சொல்லும் சொல் அது. ரோமர் 9:15-இல் வரும் ‘உருக்கமாயிருப்பேன்’ என்பதும் நம் சொல் இல்லை. ஆக, தமிழ்ச் சொல்லை வைத்துத் தேடினால் வேண்டியது பாதி விடுபடும், வேண்டாதது பாதி வந்து சேரும். எண்ணை வைத்துத் தேடுங்கள்.

இதில் மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்த மொழியிலும் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று கச்சிதமாகப் பொருந்தாது. திருவிவிலியம் என்ற பொது மொழிபெயர்ப்பு இதே வினைக்குப் ‘பரிவு’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டது. அதுவும் அழகான சொல்தான். என்றாலும் என் மனம் ‘உருகி’ பக்கமே சாய்கிறது. காரணத்தை நான்காம் படியில் சொல்கிறேன்.

3. எல்லா இடங்களையும் கையால் எழுதுங்கள்

புதிய ஏற்பாட்டில் இந்த வினை 12 முறை வருகிறது. மத்தேயு 9:36, 14:14, 15:32, 18:27, 20:34. மாற்கு 1:41, 6:34, 8:2, 9:22. லூக்கா 7:13, 10:33, 15:20. அவ்வளவுதான். யோவான் சுவிசேஷத்தில் ஒருமுறைகூட இல்லை. பவுல் பெயர்ச்சொல்லை அடிக்கடி எடுத்தாலும் இந்த வினையைத் தொடவே இல்லை.

பன்னிரண்டையும் செயலியிலிருந்து நகலெடுத்து ஒட்டிவிடாமல் கையால் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எழுதும்போது கை மெதுவாகப் போகும், கண் நின்று பார்க்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நான்கு கேள்விகளுக்குப் பதில் குறியுங்கள்: உருகியது யார்? யார்மேல்? அதற்கு முன் என்ன நடந்தது? உருகியதும் என்ன செய்தார்?

முதல் கேள்வியின் பதில்களை வரிசையாகப் பார்க்கும்போதே ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். ஒன்பது இடங்கள் இயேசுவைப் பற்றியவை. அவற்றில் ஒன்று, பிள்ளையை அழைத்துவந்த தகப்பன் “எங்கள்மேல் மனதிரங்கி, எங்களுக்கு உதவிசெய்யவேண்டும்” என்று அவரிடம் கெஞ்சும் இடம் (மாற்கு 9:22). மீதி மூன்றும் அவர் சொன்ன உவமைகளில் வரும் ஆட்கள்: கடனை மன்னித்த ராஜா, சமாரியன், இளைய மகனின் தகப்பன். சீஷர்கள் உருகினார்கள் என்றோ, ஜனங்கள் உருகினார்கள் என்றோ ஓர் இடமும் இல்லை. சுவிசேஷகர்கள் மூவரும் இந்தச் சொல்லை இயேசுவுக்கும், அவர் தம் வாயால் வரைந்து காட்டிய மனிதர்களுக்கும் மட்டுமே கொடுத்திருக்கிறார்கள்.

எண்ணும்போது ஒரு எச்சரிக்கை. உங்கள் செயலியில் 11 என்று வந்தால் பதறாதீர்கள். மாற்கு 1:41-இல் கையெழுத்துப் பிரதிகளுக்குள் ஒரு வேறுபாடு உண்டு. குஷ்டரோகியைத் தொடும் அந்த இடத்தில் மிகப் பெரும்பான்மையான பிரதிகள் ‘மனதுருகி’ என்கின்றன. கோடெக்ஸ் பேசே என்ற 5-ஆம் நூற்றாண்டுப் பிரதியும், சில பழைய லத்தீன் பிரதிகளும் ‘கோபங்கொண்டு’ என்கின்றன. அறிஞர்கள் பெரிதும் பயன்படுத்தும் கிரேக்கப் புதிய ஏற்பாடான நெஸ்லே-ஆலண்ட் 28-ஆம் பதிப்பு முதலாவதை அச்சிடுகிறது. 2010-இல் வந்த எஸ்பிஎல் கிரேக்கப் பதிப்பு இரண்டாவதை எடுத்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கருவிகள் பலவற்றில் இருப்பது இந்த எஸ்பிஎல் பதிப்புதான், அதனால்தான் எண்ணிக்கை மாறும்.

எது சரி? ‘கோபம்’ என்பதை ஆதரிப்பவர்களின் வாதம் லேசானதல்ல. உருக்கத்தைக் கோபமாக மாற்றப் பிரதியெடுத்த எந்த எழுத்தனும் துணிய மாட்டான், கோபத்தை உருக்கமாக மாற்றியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் பிரதிகளின் பெரும் எடை நிற்கிறது. என் தீர்ப்பு, உருக்கமே மூலம் என்பது. ஆனால் இந்த ஒரு வசனத்தின் மேல் மட்டும் ஒரு போதனையைக் கட்ட மாட்டேன். மற்றப் பதினொன்றும் உறுதியாக நிற்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

4. சொல்லின் பழைய வாழ்க்கையைப் பாருங்கள், அதில் தங்கிவிடாதீர்கள்

‘ஸ்ப்ளாங்க்னா’ என்றால் முதலில் உள்ளுறுப்புகள்: இருதயம், ஈரல், நுரையீரல், சிறுநீரகம். ஹோமரின் காவியங்களில் பலி மிருகத்தை அறுத்ததும் முதலில் நெருப்பில் வாட்டிச் சுவைப்பது இவற்றைத்தான். பிறகு இவை உணர்ச்சியின் இருப்பிடமாகப் பேசப்பட்டன. ஆனால் கனிவுக்கு மட்டும் அல்ல. கி.மு. 405-இல் மேடையேறிய அரிஸ்டோபனீஸின் ஒரு நாடகத்தில், ஒரு பாத்திரம் தன் ஸ்ப்ளாங்க்னா கோபத்தில் குமுறுவதாகச் சொல்கிறது. நம் சொல்லின் வினைவடிவம், கத்தோலிக்கப் பைபிளில் உள்ள இரண்டாம் மக்கபேயர் நூலில் 6:8-இல் வருகிறது. அங்கே இரக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. யூதர்களைப் பலியின் உள்ளுறுப்புகளை உண்ணவைக்கும் கட்டளையைச் சொல்லும் சொல் அது.

அப்புறம் எப்படி இரக்கம் வந்தது? யூதர்கள் எழுதிய கிரேக்கத்தில்தான் அந்தத் திருப்பம் தெரிகிறது. எபிரெயத்தில் இரக்கத்துக்கான ‘ரஹமீம்’ என்ற சொல், கருப்பையைக் குறிக்கும் ‘ரெஹெம்’ என்ற சொல்லோடு உறவுடையது. நீதிமொழிகள் 12:10-இல் அந்த ‘ரஹமீம்’ கிரேக்கத்துக்கு வரும்போது ‘ஸ்ப்ளாங்க்னா’ ஆகிறது. சாலொமோன் முன் நின்ற இரண்டு பெண்களை நினைத்துப் பாருங்கள். வாளை எடுத்துவரச் சொன்னபோது, உயிரோடிருந்த பிள்ளையின் தாய்க்கு நடந்ததை எபிரெயம் அவளுடைய ‘ரஹமீம்’ பொங்கியது என்று சொல்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு அவள் கருப்பை கலங்கியது என்கிறது. நம் பழைய திருப்புதல் “அவள் குடல் துடித்ததினால்” என்று எழுதுகிறது (1 இராஜாக்கள் 3:26). மூன்று மொழிகளும் ஒரே இடத்தைத்தான் தொடுகின்றன.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. “மூலத்தில் குடல் என்று இருக்கிறது, ஆகவே இயேசுவின் குடல் புரண்டது” என்று சொல்லத் தோன்றும். கேட்பவர்களுக்கும் பிடிக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். ‘நெஞ்சில் ஈரமில்லாதவன்’ என்றால் நாம் யாரும் தண்ணீரைத் தேடுவதில்லை. ‘வயிற்றெரிச்சல்’ என்றால் மருந்து வாங்க ஓடுவதில்லை, பொறாமை என்று புரிந்துகொள்கிறோம். அடிவயிறு கலங்கினால் பயம், ஈரக்குலை நடுங்கினால் பெரும் பயம், பெற்ற வயிறு பற்றி எரிந்தால் தாயின் துக்கம். உறுப்பு ஒன்றுதான், பழக்கத்தில் உணர்ச்சி வேறு வேறு. கிரேக்கரும் அப்படித்தான் பேசினார்கள். வேரைக் கொண்டு அர்த்தத்தை முடிவுகட்டும் இந்தத் தவறை ஜேம்ஸ் பார் என்ற அறிஞர் 1961-இலேயே விரிவாகச் சுட்டிக்காட்டிவிட்டார்.

லூக்காவே இதற்குச் சாட்சி. சகரியாவின் பாட்டில் ‘உருக்கமான இரக்கம்’ (லூக்கா 1:78) என்று நாம் படிக்கும் இடத்தில் இருப்பது ஸ்ப்ளாங்க்னா. அதே லூக்கா யூதாஸின் முடிவைச் சொல்லும்போது, “குடல்களெல்லாம் சரிந்துபோயிற்று” (அப்போஸ்தலர் 1:18) என்ற இடத்திலும் ஸ்ப்ளாங்க்னாதான். ஒரே எழுத்தாளர், ஒரே சொல், ஓரிடத்தில் தேவனுடைய இரக்கம், இன்னோரிடத்தில் நிஜமான குடல். எது எங்கே என்று வாக்கியம்தான் சொல்கிறது.

சரி, ‘உருகி’ ஏன் எனக்குப் பிடிக்கிறது? உருக்கு என்பது பிறவினை, உருகு என்பது தன்வினை. மெழுகை நாம் உருக்குகிறோம், மெழுகு உருகுகிறது. கிரேக்கத்தில் இந்த வினையின் இறந்தகால வடிவம் செயப்பாட்டு வடிவத்தில் இருக்கிறது. உணர்ச்சி வினைகள் பலவும் அப்படித்தான் வரும் என்பதால் அதிலிருந்து பெரிய தத்துவம் எதையும் இழுக்கக்கூடாது. ஆனாலும் முடிவெடுத்துச் செய்கிற செயலாக அல்லாமல், கண்டவுடன் உள்ளே நேர்ந்துவிடுகிற ஒன்றாக அந்த வடிவம் காட்டுவதை ‘உருகினார்’ அப்படியே கொண்டுவருகிறது. இன்னொன்றும் உண்டு. தமிழ்ப் பக்திப் பாடல்களில் பெரும்பாலும் உருகுகிறவர் அடியார், ஆண்டவனை நினைத்து உருகுகிறார். சுவிசேஷத்தில் உருகுகிறவர் ஆண்டவர், மேய்ப்பனில்லாத ஆடுகளைப்போல் தொய்ந்துபோன ஜனங்களைப் பார்த்து. இந்தத் திருப்பத்தைத் தமிழ் வாசகரால் உடனே உணர முடியும்.

5. ஒரே ஒரு பகுதியைக் கண்ணருகே கொண்டுவாருங்கள்

பன்னிரண்டில் ஒன்றை எடுத்து வினைச்சொற்களை மட்டும் வரிசைப்படுத்துங்கள். லூக்கா 10-ஐ எடுத்துக்கொள்வோம். கள்ளர் கையில் அடிபட்டு ஒருவன் வழியில் கிடக்கிறான். ஆசாரியன் வந்தான், கண்டான், விலகிப் போனான். லேவியன் வந்தான், பார்த்தான், விலகிப் போனான். சமாரியன் வந்தான், கண்டான், மனதுருகினான். மூவருக்கும் ‘கண்டு’ என்று ஒரே கிரேக்க வடிவம்தான். பார்வையில் வித்தியாசம் இல்லை. மூன்றாம் ஆளுக்கு ‘விலகிப்போனான்’ வர வேண்டிய இடத்தில் நம் சொல் வந்து உட்காருகிறது. கதை திரும்புவதே அந்த ஒரு சொல்லில்தான்.

அதற்குப் பிறகு வருவதைப் பாருங்கள். கிட்ட வந்தான். காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான். கட்டினான். தன் சொந்த வாகனத்தில் ஏற்றினான். சத்திரத்துக்குக் கொண்டுபோனான். பராமரித்தான். மறுநாள் இரண்டு பணம் எடுத்துக் கொடுத்தான். இன்னும் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றான். அவன் என்ன உணர்ந்தான் என்பதற்கு ஒரே ஒரு வினை, என்ன செய்தான் என்பதற்கு வினைமேல் வினை.

இதே கண்ணோடு லூக்காவின் மற்ற இரண்டு இடங்களுக்கும் போங்கள். நாயீனில் கண்டார், உருகினார், பேசினார், தொட்டார். 15:20-இல் தகப்பன் தூரத்திலேயே கண்டான், உருகினான், ஓடினான், கழுத்தைக் கட்டிக்கொண்டான், முத்தமிட்டான். லூக்காவில் மூன்று இடத்திலும் முதலில் காண்பது, பிறகு கிட்டப்போய்த் தொடுவது. நான் இந்தப் பட்டியலை முதல்முறை எழுதியபோது பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வேர்ச்சொல் விளக்கம் எதுவும் எனக்குத் தராததை அந்த எளிய பட்டியல் தந்தது.

மாற்கும் மத்தேயுவும் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறார்கள். ஐயாயிரம் பேர் கூடிய அதே நாளில், மாற்கு 6:34-இல் அவர் உருகி, உபதேசிக்கத் தொடங்குகிறார். மத்தேயு 14:14-இல் உருகி, வியாதியஸ்தரைச் சொஸ்தமாக்குகிறார். நாலாயிரம் பேர் விஷயத்தில் உருக்கம் அப்பமாக வெளிப்படுகிறது. எதிரே இருப்பவருக்கு என்ன குறைவோ, அதைப் பொறுத்துச் செயல் மாறுகிறது.

6. பக்கத்து வீட்டுச் சொற்களோடு ஒப்பிடுங்கள்

இரக்கத்துக்குப் புதிய ஏற்பாட்டில் அதிகம் புழங்கும் சொல் ‘எலெயோஸ்’, வினை ‘எலெயோ’. எரிகோவில் இரண்டு குருடர்கள் “எங்களுக்கு இரங்கும்” என்று கூப்பிடுவது இந்த வினையால். மத்தேயு 20:34-இல் அவர்களுக்குக் கிடைக்கும் பதிலோ நம் சொல்: “இயேசு மனதுருகி, அவர்கள் கண்களைத் தொட்டார்.” கேட்டது ஒரு சொல், கிடைத்தது இன்னொன்று.

கடன்பட்ட ஊழியக்காரன் உவமையில் இது இன்னும் கூர்மையாக இருக்கிறது. அவன் கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம், ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஆறு கோடி நாள் கூலி! ராஜா உருகி மன்னித்துவிடுகிறார் (18:27). அவனோ நூறு தெனாரியத்துக்காக உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். அப்போது ராஜா கேட்பதில் நம் சொல் இல்லை. “நான் உனக்கு இரங்கினதுபோல, நீயும் உன் உடன்வேலைக்காரனுக்கு இரங்கவேண்டாமோ?” (18:33). இங்கே ‘எலெயோ’. சமாரியன் கதையிலும் இதேதான்: உள்ளே எழுந்ததற்கு நம் சொல், பிறகு கதையைக் கேட்ட நியாயசாஸ்திரி அதைச் சுருக்கிச் சொல்லும்போது “இரக்கஞ்செய்தவனே” என்று எலெயோஸ்.

இதிலிருந்து கறாரான இலக்கணம் எதையும் உருவாக்கிவிட வேண்டாம். சகரியாவின் பாட்டில் (லூக்கா 1:78) ஸ்ப்ளாங்க்னாவும் எலெயோஸும் கைகோத்தே வருகின்றன. இரண்டு உவமைகளில் தெரிவதை ‘இந்தக் கதைகளில் இப்படி இருக்கிறது’ என்று குறித்துக்கொண்டால் போதும்.

7. குடும்பத்தையும் ஒருமுறை சந்தியுங்கள்

பெயர்ச்சொல் புதிய ஏற்பாட்டில் 11 இடங்களில் வருகிறது. சகரியாவின் பாட்டையும் யூதாஸையும் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். 1 யோவான் 3:17-இல், சகோதரனுக்குக் குறைச்சல் உண்டென்று கண்டும் தன் இருதயத்தை அடைத்துக்கொள்கிறவனைப் பற்றிப் படிக்கிறோமே, அங்கே அடைக்கப்படுவது ஸ்ப்ளாங்க்னா. காண்பதும் அங்கே உண்டு என்பதைக் கவனியுங்கள். சமாரியன் கதையின் முதல் இரண்டு ஆட்கள் நினைவுக்கு வருகிறார்கள். பெயரடைகள் எபேசியர் 4:32-இலும் 1 பேதுரு 3:8-இலும் ‘மனஉருக்கம்’ என்று வருகின்றன. யாக்கோபு 5:11-இல் கர்த்தரை ‘மிகுந்த உருக்கமுள்ளவர்’ என்று சொல்லும் சொல் புதிய ஏற்பாட்டிலேயே அந்த ஓரிடத்தில்தான் இருக்கிறது.

8. இனி மொழிபெயர்ப்புக்குத் திரும்பி வாருங்கள்

இத்தனையும் முடிந்ததும் தமிழ்ப் பைபிளை மூடாமல் பிலேமோன் நிருபத்தைத் திறங்கள். 25 வசனங்களே உள்ள கடிதம். அதில் இந்தப் பெயர்ச்சொல் மூன்று முறை வருகிறது. தமிழில் மூன்று இடத்திலும் ‘உள்ளம்’ என்று மொழிபெயர்த்திருப்பது நமக்கு நல்லதாயிற்று, தொடர்பு அறுபடவில்லை. இதற்கு முன் இதைச் சாதாரணமாகக் கடந்துபோயிருப்போம்.

7-ஆம் வசனத்தில் பவுல் பிலேமோனைப் பாராட்டுகிறார்: “பரிசுத்தவான்களுடைய உள்ளங்கள் உம்மாலே இளைப்பாறினபடியால்”. 12-இல், எஜமானை விட்டுப் போய்விட்ட அடிமையான ஒநேசிமுவைத் திருப்பி அனுப்பும்போது “என் உள்ளம்போலிருக்கிற அவனை” என்கிறார். கிரேக்கத்தில் ‘போல’ என்ற சொல்கூட இல்லை, ‘அவன் என் ஸ்ப்ளாங்க்னா’ என்றே சொல்கிறார். பிறகு 20-இல் கேட்கிறார்: “என் உள்ளத்தை இளைப்பாறப்பண்ணும்.”

மூன்றையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். நீர் எல்லாருடைய உள்ளத்தையும் இளைப்பாற்றுகிறவர். இவன் என் உள்ளம். என் உள்ளத்தை இளைப்பாற்றும். ஒநேசிமு வாசலில் வந்து நிற்கும்போது பிலேமோன் அந்தக் கடிதத்தைப் பிரித்து வாசித்திருப்பார். எதிரே நின்றவனை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை, கட்டளையாகச் சொல்லாமல், ஒரே சொல்லை மூன்றுதரம் வைத்தே பவுல் சொல்லிவிட்டிருந்தார்.